அம்மாவின் கட்டுச் சீலை

அத்தியாயம் பதினான்கு

பத்து வாரத்துக்கு முன்னால், முகாமிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையோடு பனிச்சங்கேணியில் வந்திறங்கிய யசோதினி, அக்கா சுலோஜனாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். சோறு கேட்கவில்லை, மாற்றுத்துணி கேட்கவில்லை. "அக்கா, எனக்கு வயிறு கட்டி விடு" என்று கேட்டாள்.

சுலோஜனா சொன்ன பதிலைத் திரும்ப எழுத எனக்கு விருப்பமில்லை. இடையில் வாசிக்க வந்தவர்களுக்காக எழுதுகிறேன். "பிள்ளையே இல்ல. மறுகா என்னகா வயிறு கட்டு?"

அந்தக் குடும்பத்தில் பெண் பிள்ளை பெற்றால், அவளுடைய தாயின் பழைய நூல் சீலையால் முப்பத்தொரு நாள் வயிறு கட்டுவார்கள். நொச்சியும் பாவட்டையும் அவித்த வெந்நீரில் குளிக்க வார்த்து, பாயில் படுக்க வைத்து, இடுப்பிலிருந்து மேலே மேலே சுற்றி இறுக்குவார்கள். முப்பத்தோராம் நாள் அந்தச் சீலையை அவிழ்த்து, அதிலேயே பிள்ளைக்கு ஏணை கட்டி, அப்போதுதான் முதல்முதலாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதுவரை அது வெறும் 'பிள்ளை'தான்.

யசோதினியின் மகன் போன சித்திரையில், கடைசிச் சண்டையின் நடுவில், ஒரு பதுங்குகுழிக்குள் பிறந்தான். பத்தொன்பது நாள் இருந்தான். வயிறு கட்ட ஒரு முழத் துணி கிடையாது. இருந்த துணியெல்லாம் மண்மூட்டை தைக்கப் போய்விட்டது. பேரில்லாமலே பிள்ளையைப் புதைத்தாள். அதற்குப் பத்தாம் நாள் அவள் கணவன் மதுரனை ஒரு பாலத்தடியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு அவனைப் பற்றித் தகவல் இல்லை.

ஊருக்கு இதொன்றும் தெரியாது. பதினாறு வயதில் பள்ளிக்கூடத்து வழியில் இயக்கத்தால் கொண்டுபோகப்பட்ட யசோதினி, பிறகு கொழும்புக்கு வந்து அங்கிருந்து கத்தாருக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்று சுலோஜனா சொல்லி வைத்திருந்தாள். ஊரும் நம்பியது. அதாவது, நம்பியதாகத் தலையை ஆட்டியது.

இனி, அந்த வியாழக்கிழமைக்கு வருவோம்.

காலை ஏழரை மணிக்கு சுலோஜனா பெட்டகத்தைத் திறந்தாள். அவள் புருஷன் விடியவே தோணி கொண்டு போயிருந்தான். பெட்டகத்தின் அடியிலிருந்து, பூச்சி உருண்டை வாசத்தோடு, அவள் எடுத்தது அம்மாவின் சீலை. கருநீலக் கரை போட்ட வெள்ளை நூல் சீலை.

"இஞ்ச வாகா. கையத் தூக்கு."

யசோதினிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கண் நிறைந்துவிட்டது. அவசரமாகச் சட்டையை உயர்த்திப் பிடித்தாள். அக்காவின் மனம் இளகிவிட்டது என்று நினைத்தாள், பைத்தியக்காரி.

"படுக்கட்டா அக்கா?"

"வேணா. நிண்டபடி நில்லு."

சுலோஜனா சுற்றினாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் இடுப்பு நேரானது. பின்னிடுப்பில், நாரியில், பத்து மாதமாக விடாமல் கொதித்துக்கொண்டிருந்த வலி அப்படியே அடங்கியது. யசோதினி கண்ணை மூடிக்கொண்டாள். அம்மாவின் மணம் எங்காவது ஒட்டியிருக்கிறதா என்று மூக்கு தேடியது. பூச்சி உருண்டைதான் மணந்தது. அதுவும் அவளுக்குப் போதுமாக இருந்தது.

"மூச்ச உள்ள இழு. இன்னம் இழு. ஆ... இப்ப சரி. மஞ்சள் சாறிக்கு வயிறு தள்ளித் தெரியா."

"எந்த மஞ்சள் சாறி?"

சுலோஜனா முடிச்சை முதுகுப் பக்கமாக, தங்கையின் கை லேசில் எட்டாத இடத்தில் போட்டாள்.

"அக்கா, எந்தச் சாறி எண்டு கேக்கன்."

"மண்டூரால ஒரு பொம்புள வாறா. தம்பிக்குப் பொண்ணு பாக்க. பதினொரு மணிக்குள்ள வந்திருவா. முகத்தக் கழுவிட்டு வா."

யசோதினி சட்டையைக் கீழே விட்டாள். பிறகு கத்தினாள். அந்த வீட்டில் பத்து வாரத்தில் அவள் சத்தம் உயர்ந்தது அன்றுதான்.

"வந்த முதல் கிழமை உன்ட காலப் பிடிச்சுக் கேட்டன். அண்டைக்கு இந்தச் சீல இந்தப் பெட்டகத்துக்குள்ள இருந்திச்சா இல்லையா?"

"மெல்லமாக் கத. பக்கத்து வளவில ஆக்கள் நிக்காங்க."

"இருந்திச்சா இல்லையா?"

"இருந்திச்சு. அதுக்கிப்ப என்ன?"

"நோகுது எண்டு கேக்கக்குள்ள இல்ல. ஒளிக்கிறதுக்கு எண்டா இருக்கு. வெட்கமில்லையாகா உனக்கு? எனக்குப் புருஷன் இரிக்கான்!"

"எங்க இரிக்கான்? காட்டு! உசிரோட இரிக்கான் எண்டு உனக்கு ஆரு சொன்ன?"

"செத்துட்டான் எண்டு உனக்கு ஆரு சொன்ன?"

மடக்கிக் கேட்டால் சுலோஜனாவுக்குக் கோபம் இரட்டிப்பாகும். அது அவள் சுபாவம்.

"ஆமிக்காரங்க ரெண்டு தரம் வந்து உன்ட பேரப் பதிஞ்சிட்டுப் போயிட்டாங்க. எத்தின பேர் வீட்டில, ராவையில ஆரு இரிக்கிற, எல்லாம் கேட்டாங்க. மூணாந்தரம் நானும் இல்லாத நேரம் வந்தா? ஒருத்தன்ட பொஞ்சாதி எண்டு நீ ஒரு வீட்டில இருந்தாத்தான் எனக்கு நித்திர வரும். உன்னக் கொல்லவா கொண்டு போறன்? வாழத்தானே சொல்றன்!"

"என்ட பிள்ளைய இல்ல எண்டு சொல்லிட்டு வாழ ஏலா."

"இல்லத்தானே? இரிக்கா அது? இல்லத்தானே!"

சொன்ன பிறகு சுலோஜனாவே வாயை மூடிக்கொண்டாள். ஆனால் சொன்னதை விழுங்க முடியுமா? விறுவிறென்று குசினிக்குள் போய்ப் பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறையாகக் கழுவத் தொடங்கினாள்.

யசோதினி கட்டை அவிழ்த்து எறிந்திருக்கலாம். கையைக் கொஞ்சம் வளைத்தால் முடிச்சு எட்டியிருக்கும். அவள் அவிழ்க்கவில்லை. நாரி வலிக்கவில்லை, அதுதான் காரணம். தன்னை ஏமாற்றிக் கட்டிய கட்டு, இந்தப் பாழாய்ப்போன உடம்புக்கு இதமாக இருக்கிறதே என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

அப்பா கதிர்காமத்தம்பி வேலியோரம் குந்தியிருந்து வலையில் ஒட்டியிருந்த பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நேரே அவரிடம் போனாள்.

"அப்பா, நீங்களும் ஓம் எண்டு சொன்னீங்களா?"

அவர் நிமிரவில்லை.

"உங்களத்தான் கேக்கன்."

"அவள் சொன்னாள்... நான் என்னத்தச் சொல்ற மகள்?"

"வேணா எண்டு சொல்றது. வாயில வராதா?"

அவர் பாசியைப் பிடுங்கினார். முன்பெல்லாம் மனிதர் இப்படி இல்லை. கடல் ஊருக்குள் வந்துபோன நாளிலிருந்து அவர் மூத்த மகள் சொல்வதற்கு மறுபேச்சுப் பேசியதே இல்லை. ஏன் என்று யசோதினிக்குத் தெரியாது. கடல் வந்த அன்று அவள் வன்னியில் இருந்தாள். அம்மா போய்விட்டாள், அக்காவின் பிள்ளை போய்விட்டது என்று இரண்டு வரித் துண்டுக் கடிதம் ஒன்றுதான் அவளுக்குக் கிடைத்தது, அதுவும் மூன்று மாதம் கழித்து.

பதினொன்றேகாலுக்கு அந்தப் பெண் வேலிக் கடப்படியில் வந்து நின்றாள். பேர் கண்ணகை. நாற்பத்தைந்து வயது இருக்கும். மண்டூரில் விடியுமுன்பே தோணியில் துறை கடந்து, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். முகத்தில் தூசி, கையில் வாழைப்பழச் சீப்பு. நாலு பிள்ளை பெற்று வளர்த்தவள் என்று வந்து இருந்தவுடனேயே சொன்னாள்.

"எங்கட தம்பியும் கத்தாரிலதான் இருந்தவன்" என்றாள் கண்ணகை. "தங்கச்சி கத்தாரில எந்தப் பக்கம்?"

சுலோஜனா தேத்தண்ணீர்க் கோப்பையை நீட்டிக்கொண்டே முந்திக்கொண்டாள்.

"தோகாவில மாமி. ஒரு வீட்டில பிள்ள பாக்கிற வேல. நல்ல ஆக்கள்."

"எத்தின வருஷம்?"

"அஞ்சு" என்றாள் சுலோஜனா.

"அவவக் கேட்டன்" என்றாள் கண்ணகை.

மஞ்சள் சாறியில் நின்ற யசோதினி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

"சரி, வெட்கப்படுறா. இரிகா, இப்பிடிப் பாயில இரி."

யசோதினி இருந்தாள். அந்த இருப்புத்தான் காரியத்தைக் கெடுத்தது. சாதாரணமாகக் குனிந்து இருக்கவில்லை. ஒரு கையை நிலத்தில் ஊன்றி, மூச்சைப் பிடித்து, முதுகை வளைக்காமல் பக்கவாட்டில் மெல்லச் சரிந்து இருந்தாள். கட்டின வயிற்றோடு அப்படித்தான் இருக்க முடியும். அந்த இருப்பைக் கண்ணகை நாலு தரம் தன் உடம்பால் இருந்தவள்.

அவள் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். கையை நீட்டி, சாறிக்கு மேலாக யசோதினியின் விலாவைத் தொட்டுப் பார்த்தாள்.

"எத்தின மாதப் பிள்ள?"

"என்ன மாமி கதைக்கிறீங்க!" சுலோஜனா பாய்ந்து வந்தாள். "குமர்ப்பிள்ளயப் பாத்து..."

"நான் அவவக் கேட்டன்."

சுலோஜனா தங்கையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அதட்டலும் இருந்தது, கெஞ்சலும் இருந்தது. யசோதினி இரண்டையும் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

"பத்தொம்பது நாள். மாதக் கணக்கு இல்ல. ஆம்புளப் பிள்ள. நான் கத்தாருக்குப் போகல்ல. எங்க இருந்தன் எண்டு உங்களுக்கு விளங்கும்."

"பேர்?"

"வைக்கல்ல. முப்பத்தொண்டிலதானே வைக்கிற."

வேலியோரத்தில் பாசி பிடுங்கும் சத்தம் நின்றது. கண்ணகை சுலோஜனாவின் பக்கம் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது.

"நீ பொய் சொன்னதுக்கு எனக்குக் கோவமில்ல புள்ள. நானும் பொய்தான் சொன்ன. என்ட தம்பி எந்தக் கத்தாரும் போகல்ல. தடுப்பு முகாமில இருந்தவன், போன மாதந்தான் விட்டாங்க. பெத்த வயித்த நிக்க வச்சுக் கட்டியிரிக்காய் பாரு, அதுக்குத்தான் கோவம். மேல விலாவில இறுக்கினா எல்லாம் கீழ இறங்கும் எண்டு உனக்குத் தெரியாதா? நீ ஒரு பொம்புளயா?"

சுலோஜனா கீழே இருந்த கோப்பையை எடுத்தாள்.

கண்ணகை எழும்பிவிட்டாள். கடப்படி வரை யசோதினி பின்னால் ஓடினாள்.

"மாமி! உங்கட தம்பிட்ட ஒண்டு கேளுங்க. மதுரன் எண்டு ஒராள். உயரம், கொஞ்சம் கறுப்பு. கையில சுட்ட தழும்பு இருக்கு. கண்டவரா எண்டு..."

கண்ணகை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அப்பாவின் கைபோன் இலக்கத்தை வாங்கி, தன் போனில் அடித்துக்கொண்டாள்.

"கேக்கன். ஆனா நம்பிக்கிட்டு இரிக்காத" என்று சொல்லிவிட்டு பஸ் றோட்டைப் பார்த்து நடந்தாள்.

யசோதினி திரும்பி வந்தபோது சுலோஜனா வாசலில் நின்றிருந்தாள்.

"அவிழ்."

"என்ன?"

"அவிழ் அந்தச் சீலய! எனக்குத் தா! என்ட மானத்த வித்துட்டாய். ஊர் முழுக்க இனி உன்ட கதைதான். அவிழ்!"

"தரமாட்டன். இண்டைக்கு முதலாம் நாள். முப்பத்தொரு நாளும் கட்டுவன். முப்பத்தொண்டுக்கு என்ட பிள்ளைக்குப் பேர் வைப்பன். நீ வராட்டிப் போ, நான் தனியக் கூப்பிடுவன்."

சுலோஜனா பாய்ந்து தங்கையின் முதுகுப் பக்கம் கையை விட்டு முடிச்சைப் பிடுங்கினாள். சாறி கலைந்தது. சீலையின் தலைப்பு அவள் கையோடு வந்தது. இழுத்தாள். யசோதினி மற்றத் தலைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் சீலை விறைத்து நின்றது.

"விடு சுலோ!"

அப்பா. வேலியோரத்திலிருந்து எழும்பி வந்திருந்தார்.

"அந்தச் சீலய இழுக்காத. நான் இழுத்தது போதும்."

சுலோஜனா அவரைப் பார்த்தாள். ஐந்து வருடம் அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"ஓம், நீங்கதான் இழுத்த! அதுக்குத்தான் இத நான் கண்ணில காணாம வச்சிருந்த. கேளுகா, உனக்கு ஒருத்தரும் சொல்லல்லத்தானே, கேளு! பிள்ள பெத்துப் பதினொராம் நாள் எனக்கு. விடிய அம்மா குளிக்க வாத்து, இதே சீலையால கட்டி, பாயில கிடத்தினா. குனிய ஏலாது, ஓட ஏலாது. கடல் வந்திச்சு. அம்மாவக் காணல்ல. பிள்ள என்ட கையில. அப்பா ஒரு கையால பூவரசப் பிடிச்சிட்டு, மத்தக் கையால என்ட இடுப்புச் சீலயப் பிடிச்சிட்டார். சீல அவிழ்ந்து நீண்டிச்சு, அவர் விடல்ல. நான் இந்தத் தலைப்பில தொங்கினன். பிள்ளயப் பிடிச்ச கை..."

கையைத்தான் நீட்டிக் காட்டினாள், வெறுங்கையை.

"சீல விடல்ல. நான்தான் விட்ட. விளங்குதா? இந்தச் சீலய எடுத்து உனக்குக் கட்டச் சொல்றாய். முப்பத்தொரு நாள் கேக்கிறாய். எனக்கு ஆருகா கட்டின? மிச்சம் இருபது நாள் எனக்கு ஆரு கட்டின? என்ட மகளுக்கு ஆரு பேர் வச்ச?"

கதிர்காமத்தம்பி நின்ற இடத்திலேயே குந்திவிட்டார்.

யசோதினி அழவில்லை. அவளுக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியிருந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கடல் மேல், சண்டை மேல், வந்து பேர் பதிந்துவிட்டுப் போகிறவர்கள் மேல், ஐந்து வருடம் பெட்டகத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாத இந்த அக்கா மேல். சீலையின் தலைப்பைப் பல்லில் கடித்தாள். இரண்டு கையாலும் பிடித்து நீளவாக்கில் கிழித்தாள். பழைய நூல் சீலை, சரசரவென்று கடைசி வரை கிழிந்து போனது.

"அம்மாட சீலயக் கிழிச்சிட்டியே! பேய்! பேய்ச்சி!" சுலோஜனா அவள் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள்.

"அடி. இன்னம் அடி" என்றாள் யசோதினி. ஒரு பாதியை அக்காவின் தோளில் எறிந்தாள். "அது உனக்கு. இருபது நாள் மிச்சம் எண்டாய்தானே? நான் கட்டி விடுறன். அஞ்சு வருஷம் கழிச்சுக் கட்டக் கூடாது எண்டு ஆரும் வந்து சொல்லட்டும், பாப்பம். எனக்குப் பத்து மாதம், உனக்கு அஞ்சு வருஷம். ரெண்டு பிள்ளைக்கும் பேர் வைப்பம்."

சுலோஜனா தோளில் கிடந்த துணியை எடுத்தாள். எறியப் போகிறாள் என்றுதான் அப்பா நினைத்தார். அவள் அதன் கரையை விரலால் தடவிக்கொண்டே எவ்வளவோ நேரம் நின்றாள்.

பிறகு குசினிக்குள் போனாள். வளவில் நொச்சி ஒடிக்கும் சத்தம் கேட்டது. அடுப்பில் பெரிய பானை ஏறியது. எல்லாவற்றுக்கும் கூடவே அவள் வாயும் ஓயவில்லை. புத்தி கெட்டதுகள் என்றாள், பொறந்ததெல்லாம் என்ட உசிர வாங்கத்தான் என்றாள், மண்டூர்க்காரி ஆர் எனக்குப் பாடம் படிப்பிக்க என்றாள். ஏசி ஏசியே தங்கையைக் கிணற்றடியில் இருத்திச் சுடச்சுடத் தண்ணீர் வார்த்தாள். ஏசி ஏசியே பாயை உதறி விரித்தாள்.

"படு."

யசோதினி மல்லாந்து படுத்தாள். சுலோஜனா அவள் அடிவயிற்றில் கையை வைத்தாள். தளர்ந்து, குழைந்து போயிருந்தது. அவள் ஏச்சு நின்றது.

"நோகுதா?"

"ஓம்."

"எப்பயிருந்து?"

"அண்டையிலிருந்து."

"சொல்லியிருக்கலாமே" என்று ஆரம்பித்தவள், முதல் கிழமையே காலைப் பிடித்துச் சொன்னாள் என்பது நினைவு வந்து நிறுத்திக்கொண்டாள். இடுப்புக்குக் கீழே துணியைக் கொடுத்து முதல் சுற்றுச் சுற்றினாள். கீழிருந்து மேலே, அம்மா சுற்றியதைப் போலவே. ஐந்து வருடத்துக்குப் பிறகும் கைக்கு மறக்கவில்லை.

நாலாவது சுற்றில் அப்பாவின் கைபோன் அடித்தது. மணி இரண்டு இருக்கும். அவர் எடுத்துக் காதில் வைத்தார். "ஓம்... ஓம் தம்பி, மண்டூரா?... ஓம், இருக்கா" என்றார். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார். அறை வாசலுக்கு வந்தார். போனை மார்போடு அமத்திக்கொண்டார்.

"மகள்... அந்த ஆளுக்குத் தழும்பு இடக்கையிலயா, வலக்கையிலயா எண்டு கேக்கிறான்."

யசோதினி துள்ளி எழும்பப் பார்த்தாள். சுலோஜனா முழங்காலால் பாயை அழுத்தி, சீலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. குரலில் மட்டும் பழைய கோபம் அப்படியே இருந்தது.

"அசையாத! கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க அப்பா. நான் இன்னம் முடிச்சுப் போடல்ல."